கன்னியாகுமரிப் பாறையில் காலைக் கிழித்தது எது?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு கன்னியாகுமரி போனவர், கரையோரப் பாறையில் செருப்பில்லாமல் இறங்கியிருக்கிறார். உள்ளங்கால் கிழிந்துவிட்டது. குனிந்து பார்த்தால் பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சொரசொரப்பான கொப்புளங்கள். "இது சிப்பியா, பாசியா, பாறையிலேயே பூத்த சுண்ணாம்பா? உயிர் இருக்கிறதா? ஒரு மட்டத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, பட்டை அடித்த மாதிரி நடுவில் மட்டும் ஏன்? வண்டிச் சாவியால் நெம்பியும் வரவில்லையே, அப்படி என்ன பசை?" என்று வரிசையாகக் கேள்விகள். கூடவே இன்னொன்று: "நம்ம ஊரில் பாறைக்கா பஞ்சம்? பவானி ஆத்துப் பாறையில் ஏன் இது இல்லை?" அவர் மகள் அது ஒட்டிய கல் ஒன்றை எடுத்துவந்து, டப்பாவில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறாளாம். நாலாம் நாள் நாற்றம் வந்துவிட்டது என்கிறார்.

காயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே ஓட்டுத் துணுக்கு இருந்தால் எடுத்துவிட வேண்டும். டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சிவந்து வீங்கி விண்விண் என்று தெறித்தால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். கடல்நீரில் இருக்கும் கிருமிகளில் சில பொல்லாதவை. ஈரோட்டு ஜில்லாக்காரனே மஞ்சளைக் குறை சொல்கிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

சரி, அதன் பெயர் பர்னக்கிள். கொட்டலசு என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. சிப்பி இல்லை, பாசி இல்லை, வெறும் சுண்ணாம்பும் இல்லை. இறாலும் நண்டும் எந்த வகையறாவோ அந்த வகையறா. ஓட்டைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். படிக்கிற காலத்தில் நானும் நம்பவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் 'பாலனஸ்' என்று சீட்டு ஒட்டி ஒன்று இருந்தது. பல் போன வாய் மாதிரி வெளுத்துப்போன ஓடு. அதைப் பார்த்துப் படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க்கும் வாங்கிவிட்டோம். உயிரோடு பார்த்தது பல வருடம் கழித்து, கோபிப் பக்கத்துப் பிள்ளைகளை நானே வாத்தியாராக பஸ்ஸில் முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோதுதான்.

அன்றைக்குப் பாறை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக் கல் ஒன்று கிடந்தது. அதில் ஏழெட்டு ஒட்டியிருந்தன. கட்டுச்சோறு தீர்ந்த தூக்குப்போசியைக் கழுவி, கடல்நீர் மொண்டு, கல்லை உள்ளே விட்டோம். ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை. "செத்துப் போச்சுங்க சார்" என்றான் ஒரு பையன். அப்புறம் ஒன்றின் உச்சியில் இருந்த மூடி, ரெட்டைக் கதவு திறப்பதுபோல் மெல்லப் பிளந்தது. உள்ளேயிருந்து பழுப்பு நிற மயிர்க்கொத்து ஒன்று விரிந்து வெளியே வந்தது. விரலை விரித்து மடக்குவதுபோல் தண்ணீரை ஒரு வாரு வாரிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. அடுத்ததும் திறந்தது, அதற்கடுத்ததும். கொஞ்ச நேரத்தில் கல் முழுக்க விரிவதும் மடங்குவதுமாக, தறி ஓடும் வீடு போல ஆகிவிட்டது. பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்க்கக் குனிந்தாள். அவள் நிழல் போசியில் விழுந்ததும் அத்தனை கதவும் ஒரே சமயத்தில் சாத்திக்கொண்டன. அந்த உயிருக்குக் கண் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. வெளிச்சம் உணரும் சின்னப் புள்ளிகள்தான். மேலே நிழலாடினால் தின்ன வருகிற ஏதோ ஒன்று என்று அதற்குக் கணக்கு.

அந்த மயிர்க்கொத்துதான் அதன் கால்கள். ஆறு ஜோடி, ஒவ்வொரு காலும் இரண்டாகக் கிளைப்பதால் மொத்தம் 24 சுருள் இறகுகள். பின்னால் இருக்கும் நீளமான மூன்று ஜோடி விசிறியாக விரிந்து தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அரிக்கும். முன்னால் இருக்கும் குட்டையான மூன்று ஜோடி அதை வழித்து வாயில் சேர்க்கும். ஓர் இறாலைத் தலைகீழாக நிறுத்தி, நெற்றியைப் பாறையில் ஒட்டி, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, மேலே கதவு வைத்துவிட்டால் அதுதான் பர்னக்கிள். காலால் சாப்பாட்டை உதைத்து வாய்க்குள் தள்ளிக்கொண்டு, ஆயுசு முழுக்கத் தலைகீழ் வாசம். கதவில் நான்கு தகடுகள், சுவரில் இனத்தைப் பொறுத்து நான்கோ ஆறோ. சுவர் கால்சியம் கார்பனேட். மதுக்கரையில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அதே சரக்குதான். நண்டு வளரும்போது ஓட்டையே கழற்றிப் போடுகிறது. பர்னக்கிள் சுவரைக் கழற்றுவதில்லை. தகடுகளின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வீட்டை விரிவாக்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் உடம்பும் காலும் இறாலைப் போலவே சட்டை உரிக்கும். பரம்பரைப் பழக்கம் அங்கே மட்டும் தங்கியிருக்கிறது.

நீங்கள் சிப்பி என்று நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பி. உயிர்களுக்குப் பெயர் வைத்து வகை பிரித்த லின்னேயஸும் அப்படித்தான் நினைத்தார், அவருக்குப் பின் வந்த பெரிய விலங்கியலாளர் கூவியேவும் நத்தை சிப்பிக் கூட்டத்தில்தான் இதைச் சேர்த்தார். 1830-ல் ஜான் வாகன் தாம்சன் என்ற ராணுவ டாக்டர், அயர்லாந்தின் கார்க் கடலோரத்தில் வலையில் அரித்த பொடி உயிர்களை வளர்த்துப் பார்த்ததை எழுதி வெளியிட்டார். நீந்தித் திரிந்த இறால்குஞ்சு போன்ற ஒன்று, அவர் கண்ணெதிரே பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பர்னக்கிளாகிவிட்டது. பெரியவர்கள் ஓட்டைப் பார்த்தார்கள், இவர் குஞ்சைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து இதில் விழுந்தவர் டார்வின். 1835-ல் சிலி நாட்டுக் கரையில் ஒரு நத்தை ஓட்டைத் துளைத்து உள்ளே குடியிருந்த விசித்திரமான பர்னக்கிள் ஒன்றை எடுத்தார். ஊருக்குப் போய் 1846-ல் அதை விவரித்து எழுத உட்கார்ந்தவர், ஒப்பிடுவதற்கு இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று எட்டு வருடம் எழுந்திருக்கவே இல்லை. உலகத்துப் பர்னக்கிள்கள் எல்லாம் பார்சலில் அவர் வீட்டுக்கு வந்தன. மெதுவாகப் போகும் கப்பலில் மாட்டிக்கொண்ட மாலுமிகூட என்னளவுக்கு இதை வெறுத்திருக்க மாட்டான் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் குழந்தைகளில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, "அப்படியானால் அவர் எங்கே உட்கார்ந்து பர்னக்கிள் பார்ப்பார்?" என்று கேட்டதாம். அப்பா என்றால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைத்துவிட்டது. 1853-ல் ராயல் சொசைட்டி பதக்கம் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் இந்த வேலைதான். உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதைக் கைப்பட எண்ணிப் பார்த்த அனுபவம் அவருக்கு இந்த எட்டு வருடத்தில் வந்ததுதான் என்பது என் எண்ணம். என் மாணவர்களிடம் இதைச் சொன்னால், "எட்டு வருசம் ஒரே பாடமா!" என்பார்கள்.

குஞ்சுக்கு வருகிறேன். கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முட்டை பொரிவது தாயின் ஓட்டுக்குள்ளேயே. ஆயிரக்கணக்கில் வெளியே வரும் குஞ்சுக்கு நாப்ளியஸ் என்று பெயர். முக்கோண உடம்பு, ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கால், நெற்றியில் இரண்டு கொம்பு. இதைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் கொம்பில்லாத அதன் பங்காளியை நம் தோட்டத்துக் கிணற்றிலேயே பார்க்கலாம். கிணற்று நீரில் வெள்ளைப் பொடியாகத் துள்ளும் சைக்ளாப்ஸின் குஞ்சும் ஒரு நாப்ளியஸ்தான். மழைக்குட்டையில் மல்லாந்தபடி நீந்துகிற தேவதை இறாலின் குஞ்சும் அதுவே. இப்படி ஒரே சாயல் குஞ்சுகள் இருப்பதால்தான் பர்னக்கிளை அந்த வகையறாவில் சேர்த்தார்கள்.

ஆறு கட்டம் வளர்ந்து சட்டை மாற்றியபின், அரை மில்லிமீட்டர் அளவில், இரண்டு ஓட்டுக்குள் அடங்கிய வேறொரு உருவமாகிறது. இதற்குப் பெயர் சைப்ரிஸ். சைப்ரிஸ் சாப்பிடுவதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பு தீருவதற்குள் இடம் பார்த்தாக வேண்டும். காடு வாங்கப் போகிறவர் எப்படி மண்ணை அள்ளிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, பக்கத்துக்காட்டுக்காரன் யாரென்று விசாரிப்பாரோ, அப்படியேதான். உணர்கொம்பின் நுனியால் பாறையை அடிமேல் அடி வைத்துத் தடவிக்கொண்டு நடக்கும். சொரசொரப்பு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, முக்கியமாகச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கும். பெரியவை ஒட்டியிருக்கும் இடத்தில் அவற்றின் புரதம் ஒன்று பாறையில் படிந்திருக்கும். அது பட்டால் இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்யும். சொந்தக்காரர் பிழைத்திருக்கிற இடம் என்றால் தண்ணீரும் சாப்பாடும் உண்டு என்று பொருள். நீங்கள் பார்த்த நெரிசலுக்குக் காரணம் இதுதான்.

முடிவு செய்த பிறகு ஒட்டுவது ஒரே ஒரு முறை. ஈரக் கல்லில் எந்தப் பசையும் நிற்காது என்று டைல்ஸ் ஒட்டுகிறவரைக் கேட்டால் சொல்வார். தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு இது எப்படி ஒட்டுகிறது? முதலில் கொஞ்சம் எண்ணெய்ப்பசையை விட்டுப் பாறைமேல் இருக்கும் தண்ணீரை விலக்குகிறது. அந்தக் காய்ந்த பொட்டில் புரதப் பசையை இறக்குகிறது. பெரிதான பிறகும் அடியில் பசை சுரந்து, பிடியை அகலமாக்கிக்கொண்டே போகிறது. சாவிக்கு அசையாததில் ஆச்சரியமில்லை. இந்த எண்ணெய் வித்தையைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வாளர்கள், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே காயத்தை அடைக்கும் பசை ஒன்றைச் செய்து 2021-ல் வெளியிட்டார்கள்.

இனி அந்தப் பட்டை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேல் விளிம்பின் காரணம் எளிது: காய்ந்துபோவது. கடல் தினமும் ஏறி இறங்குகிறதே, அந்த ஓதம் வற்றும்போது பாறை வெயிலில் காயும். பர்னக்கிள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்சம் கடல்நீரைப் பிடித்து வைத்து, காற்றுக்குச் சின்ன இடுக்கு மட்டும் விட்டு, அடுத்த ஏற்றம் வரும்வரை கிடக்கும். அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் ஒட்டியவை கருகிப்போகும். நம் தென்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் பட்டை குறுகலாக இருக்கும். அலை ஓங்கி அடிக்கிற பக்கத்தில் தெறிப்பு மேலே போவதால் பட்டையும் ஏறும். அலை படாத மறுபக்கத்தில் இறங்கிவிடும். அடுத்த முறை போகும்போது ஒரே பாறையைச் சுற்றிவந்து பாருங்கள்.

கீழ் விளிம்பு அப்படியில்லை. கீழே போகப்போகத் தண்ணீர் அதிகம், சாப்பாடு அதிகம். பிறகு ஏன் அங்கே இல்லை? ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் ஜோசப் கானல் என்ற இளைஞர் 1950-களில் இதைச் சோதித்தார். அங்கே மேலே தாமலஸ் என்ற சின்ன இனம், கீழே பாலனஸ் என்ற பெரிய இனம். தாமலஸ் ஒட்டிய கற்களைக் கீழே கொண்டுபோய்ப் பொருத்தினார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் பாலனஸை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டே இருந்தார், மறுபாதியைத் தொடவில்லை. ஒவ்வொரு பிராணியும் இருக்கும் இடத்தை வரைந்துகொண்டு, செத்தது எது, பிழைத்தது எது என்று மாதக்கணக்கில் கணக்கெடுத்தார். பாலனஸ் இல்லாத பாதியில் தாமலஸ் நன்றாகவே பிழைத்தது. மற்றப் பாதியில் பாலனஸ் அதன்மேல் ஏறி மூடியது, அடியில் புகுந்து நெம்பியது, பக்கவாட்டில் நசுக்கியது. 1961-ல் வந்த அந்தக் கட்டுரையை இன்றைக்கும் சூழலியல் வகுப்புகளில் நடத்துகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சோளத்துக்கு மேட்டுக்காடுதான் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கிறதாவது! வறட்சியைத் தாங்கும், அவ்வளவுதான். வாய்க்கால் பாயும் காட்டில் போட்டால் சோளம் இன்னும் நன்றாகவே வரும். அங்கே மஞ்சளும் கரும்பும் நெல்லும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மேட்டில் இருப்பதெல்லாம் மேட்டை விரும்பி இருப்பதில்லை. கானல் காட்டியது அதைத்தான். கன்னியாகுமரிப் பக்கம் நடிகர்கள் வேறு. கீழே கல்லுமக்காய் என்ற சிப்பியும் பாசியும் இடத்தை அடைக்கின்றன. ஓட்டில் துளை போட்டோ கதவை நெம்பியோ பர்னக்கிளை உறிஞ்சும் கடல்நத்தைகளும் அங்கேதான் மேய்கின்றன. மேலே வெயில், கீழே பக்கத்துக்காரனும் பகைவனும். நடுவில் மிஞ்சிய இடம்தான் அந்தப் பட்டை.

நகர முடியாதவர்களுக்குக் கல்யாணம் எப்படி என்று எந்த வகுப்பிலும் யாராவது ஒரு பையன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பெரும்பாலான பர்னக்கிள்கள் ஆணும் பெண்ணும் ஒன்றானவை. ஆனாலும் கருத்தரிக்கப் பக்கத்து வீடு வேண்டும். அதற்காக உடம்பைப்போல எட்டு மடங்கு வரை நீளும் ஆணுறுப்பு உண்டு. உடல் அளவோடு ஒப்பிட்டால் விலங்குலகத்திலேயே நீளமானது என்பார்கள். கதவுக்கு வெளியே நீட்டி, அக்கம்பக்கத்தில் தடவித் தேடும். அலை ஓங்கும் கரையில் இருப்பவற்றுக்கு அது தடிமனாகவும், அமைதியான நீரில் மெலிந்து நீளமாகவும் வளர்கிறது. சைப்ரிஸ் ஏன் சொந்தக்காரர் பக்கத்திலேயே இடம் தேடியது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பாறைக்கு ஒட்டினால் நமக்குக் கால் கிழியும், அவ்வளவுதான். கப்பலுக்கு ஒட்டினால் காசு கிழியும். அடிப்பக்கம் சொரசொரத்துப்போன கப்பலுக்கு எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். பர்னக்கிள் ஒட்டவில்லை. ஆனால் துறைமுகத்தைச் சுற்றி இருந்த பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்து, இனமே குறைந்தது. 2001-ல் உலக நாடுகள் தடை ஒப்பந்தம் போட்டு, 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் குகைவழியிலும் பர்னக்கிளும் கல்லுமக்காயும் ஒட்டுவது பழைய தலைவலி. குளோரின் கலந்து சமாளிக்கிறார்கள். கட்டுமரக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கரைக்கு வந்ததும் மரத்தை மணலில் ஏற்றிக் காயவிட்டுவிடுவார்.

பவானிப் பாறையில் ஏன் இல்லை? பாறை குற்றவாளி இல்லை. கன்னியாகுமரிப் பாறையும் நம் பக்கத்துப் பாறைகளும் சார்னோக்கைட், நைஸ் என்று ஒரே மாதிரி சரக்குதான். குறை தண்ணீரில் இருக்கிறது. பர்னக்கிள் உப்புநீர்ப் பிராணி. கழிமுகத்தின் அரை உப்பு வரை வருகிற இனங்கள் உண்டு, முழு நன்னீரில் குடும்பம் நடத்துவது ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் ஒட்டின பர்னக்கிள் சாகட்டும் என்றே கப்பலை ஆற்றுமுகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவைப்பார்கள். நம் பாறையின் சொரசொரப்புக்குச் சொந்தக்காரர் கல்பாசி; பிரியாணி மசாலாவில் போடுகிறோமே, அந்த வகையறா. உயிருள்ள பர்னக்கிள் இல்லாவிட்டாலும் ஓட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். உக்கடம் மீன் மார்க்கெட்டில் கடல்நண்டின் முதுகையும் கல்லுமக்காய் ஓட்டையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கொப்புளம் ஒன்றாவது கண்ணில் படும். மீன்காரம்மா "வாங்கறதா இருந்தா தொடுங்க" என்பார், அதற்குத் தயாராகப் போங்கள்.

பாப்பாவின் டப்பாவில் என்ன நடந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் பட்டதும் கதவை இறுக்கிச் சாத்தியிருக்கும். உள்ளே பிடித்து வைத்த கடல்நீரை வைத்துக்கொண்டு ஓரிரு நாள் தாக்குப்பிடித்திருக்கும். மூச்சு முட்டித் திறந்தபோது முடிந்திருக்கும். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

கல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, மொட்டைமாடியில் நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள். எறும்பு வந்து உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்துவிடும், நாற்றமும் போகும். கதவுத் தகடுகள் உதிர்ந்தால் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு லென்ஸ் வைத்துச் சுவரில் தகடுகள் சேரும் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். வெளியே தேய்ந்திருந்தால் உள்பக்கம் தெரியும். எரிமலை மாதிரி உயரமாக, ஓலை வேய்ந்தது போல வரிவரியாக இருந்து நாலே தகடு என்றால் டெட்ராக்ளிட்டா. ஆறு என்றால் பாலனஸ் பக்கமோ தாமலஸ் பக்கமோ. அப்போது ஓடு ஒன்றைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்: கல்லில் வட்டமாக வெள்ளைத் தழும்பு விட்டுப்போனால் பாலனஸ் பக்கம், தழும்பில்லாமல் வந்தால் தாமலஸ். எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதச் சொல்லுங்கள்.